‘உதவி ஆசிரியை’ என்றால் என்ன வேலை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். மகள் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். அப்பாவின் கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் பிளாஸ்டிக் கவர் போட்டுப் பத்தாவதிலிருந்து டிகிரி வரைக்கும் எல்லாச் சான்றிதழும் இருந்தன.

“பாங்காக்குல சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற வேலை மேடம். ஏஜென்ட் ஒண்ணே முக்கால் லட்சம் கேக்குறாங்க. நகையை அடகு வச்சுப் பணத்தை எடுத்துட்டேன். கட்டுறதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்...”

நான் பாங்காக்கில் ஒரு மழலையர் பள்ளியில் மூன்று வருடம் உதவி ஆசிரியையாக இருந்தவள். இப்போது மதுரையில், இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெரும்பாலும் பணம் கட்டி முடித்த பிறகுதான் என்னைத் தேடி வருவார்கள். இவர் முன்னதாகவே வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பெண்ணின் போனில் வேலைக் கடிதத்தைப் பார்த்தேன். ‘டீச்சிங் அசிஸ்டென்ட்’ என்று இருந்தது, சம்பளம் இருந்தது. வேலை நேரம் இல்லை, எந்த வயதுப் பிள்ளைகள் என்பதும் இல்லை. கடைசி வரி மட்டும் தெளிவு: நிர்வாகம் சொல்லும் மற்ற வேலைகளையும் செய்ய வேண்டும். விசா பற்றிக் கேட்டேன். “முதல்ல டூரிஸ்டா போயிரணுமாம், அங்க போய் மாத்திக்கலாமாம்” என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளை விசா இல்லாமலே உள்ளே விட ஆரம்பித்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான சலுகை அது. வேலை பார்க்க ‘நான்-இமிகிரன்ட் பி’ விசாவும், அதற்குமேல் ஒர்க் பெர்மிட்டும் வேண்டும். பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அப்புறம் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். தண்டனை வேலை பார்த்த பிள்ளைக்கு. ஏஜென்ட் இங்கே ஊரில் இருப்பார். பள்ளிக்கூடம் உண்மையிலேயே ஆள் எடுக்கிறதென்றால் விசாவுக்கான தாள்களைக் கிளம்புமுன்பே அனுப்பிவிடும்.

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. பத்தாவது பாஸ் செய்தவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி, அதாவது வேலைக்காக வெளிநாடு போக அரசிடம் வாங்கும் ஒப்புதல், தேவையில்லை. அது வசதிதான். ஆனால் அதனாலேயே, படித்த பிள்ளை கிளம்பும்போது ‘எங்கே போகிறாய், ஒப்பந்தம் எங்கே’ என்று கேட்க எந்த அலுவலகமும் குறுக்கே வராது. அந்தக் கேள்வியை வீட்டில்தான் கேட்டாக வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. ஒண்ணே முக்கால் லட்சம் எங்கிருந்து வந்தது?

2022 செப்டம்பரில் அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போன இளைஞர்களை, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தினார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாட்டுக்கு நாடு விதி வேறு. ஜப்பானில் பள்ளிகளில் மொழி கற்பிக்கும் விசாவுக்கு, அந்த மொழி வழியிலேயே 12 வருடம் படித்திருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை. தென்கொரியா ஆங்கில ஆசிரியர் விசாவைப் பொதுவாக ஏழு நாட்டுக்காரர்களுக்கே தருகிறது. 2010 முதல் நடப்பில் இருக்கும் இந்திய–கொரிய வர்த்தக ஒப்பந்தம் நமக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது, ஆனால் டிகிரியோடு ஆசிரியர் பணிக்கான முறையான சான்றும் கேட்பார்கள். சீனா 2021 ஜூலையில், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்குப் பயிற்சி மையங்கள் அயல்மொழி சொல்லிக் கொடுக்கத் தடை போட்டது. ஸ்பெயினும் பிரான்சும் அரசே நடத்தும் மொழி உதவியாளர் திட்டங்களில் இந்தியர்களையும் எடுக்கின்றன. நாமே விண்ணப்பிக்கலாம், பிரான்சுக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழே நமக்கு வேலை தரும். அங்கே 2010இல் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 36.7 சதவீதம்; 2020இல் 27.3. தமிழைப் பள்ளியில்தான் முதன்முதலாகக் காதில் வாங்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் பேச நல்ல தமிழ் வாய் வேண்டும்.

சரி, தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, போய்ச் சேர்ந்தாயிற்று. அப்புறம் என்ன வேலை? கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டு போனால் முதல் வாரமே மனசு விட்டுப்போகும். மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. மூக்கைத் துடைக்க வேண்டும், கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும், நாள் முழுக்கத் தரையில் உட்கார வேண்டும். மொழி இந்த வேலைகளுக்கு நடுவில்தான் போய்ச் சேர்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன் ஏழு வாரம் வாயே திறக்கவில்லை. புது மொழிக்குள் வரும் சின்னப் பிள்ளைகள் இப்படிச் சில காலம் பேசாமல் இருப்பது இயல்பு. கேட்டு உள்ளே சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவன் அம்மா தினமும் வாசலில் நின்று கேட்பார். நான் தினமும் காலையில் அதே படியில் உட்கார்ந்து, அவன் ஷூவின் பட்டியைப் பிரிக்கும்போது “ஷூஸ் ஆஃப்” என்று மட்டும் சொல்வேன். எட்டாவது வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை ஷூவோடு உள்ளே ஓடியது. இவன் அதன் சட்டையைப் பிடித்து இழுத்து, என் குரலிலேயே “ஷூஸ் ஆஃப்!” என்றான். “சொல்லு, சொல்லு” என்று நான் அவனை நச்சரித்திருந்தால் அது வந்திருக்காது.

நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றை அங்கே கொண்டுபோகக் கூடாது. பிள்ளையைப் பார்த்தால் தலையைத் தடவுவோம், கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுப்போம். தாய்லாந்தில் தலை மரியாதைக்குரிய இடம், வெளியாள் அதைத் தொடக் கூடாது. வகுப்பில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. அது அடுத்தவர் பிள்ளை. என்னிடம் பயிற்சி எடுத்துச் சிங்கப்பூர் போன ஒரு பெண், பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசையாகக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கொண்டு போனாள். தலைமையாசிரியை வாசலிலேயே டப்பாவை வாங்கி வைத்துவிட்டார். அந்த வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது. கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். இதை நான்தான் அவளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்பந்தத்தில் நான் தேடுவது இதைத்தான்: எந்த வயதுப் பிள்ளைகள், வகுப்பில் இன்னொரு பெரியவர் இருப்பாரா, வாரம் எத்தனை மணி நேரம், தங்குமிட வாடகை யார் பொறுப்பு, பாதியில் விட்டால் என்ன பிடிப்பார்கள். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். அது உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

உசிலம்பட்டிப் பெண்ணிடம், கடிதத்தில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பள்ளியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசச் சொன்னேன். என் மேஜையில் உட்கார்ந்தே பேசினாள். குரல் முதலில் நடுங்கியது, அப்புறம் சரியாகிவிட்டது. அந்தப் பெயரில் எங்களுக்கு ஏஜென்ட் யாரும் இல்லை என்றார்கள். உதவியாளர்களை எடுப்பது உண்மைதான், நேரடியாக விண்ணப்பியுங்கள், போலீஸ் சான்று வேண்டும் என்றார்கள். மதுரை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக அதற்கு விண்ணப்பித்தாயிற்று; கட்டணம் 500 ரூபாய். அப்பா நகையைத் திருப்பிவிட்டார்.

இதற்கிடையில் அவள் ஊரிலேயே ஒரு எல்.கே.ஜி. வகுப்புக்குக் காலையில் போய் உதவியாக இருக்கிறாள். நேற்று ராத்திரி போன் பண்ணினாள்.

“மேடம், அழுகுற பிள்ளைய உடனே தூக்கிரலாமா, இல்ல பக்கத்துல உக்காரணுமா?”

முதல் நாள் வந்தபோது அவள் என்னிடம் கேட்டது சம்பளத்தைப் பற்றி மட்டும்தான். சனிக்கிழமை வா, பேசுவோம் என்றேன்.