அமிழ்வு: சாலைப் பொறியியலில் 'செட்டில்மென்ட்'

'செட்டில்மென்ட்' என்ற சொல் திருநெல்வேலிப் பக்கத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துச் சொல்லாகத்தான் முதலில் காதில் விழும். தகப்பனார் மகனுக்கோ மகளுக்கோ சொத்தை எழுதிவைக்கும் பத்திரத்துக்கு அதுவே பெயர். சாலைப் பொறியாளர் அதே சொல்லால் குறிப்பது வேறொன்று. அடியிலுள்ள மண்ணோ குப்பையோ பருமன் குறைவதால், அதன்மேல் அமைந்த தரையும் கட்டுமானமும் நாளடைவில் கீழிறங்குவதையே அவர் அவ்வாறு சொல்கிறார்.

பழைய ஆங்கிலத்தில் இருக்கையைக் குறித்த 'செட்ல்' என்னும் பெயரிலிருந்து, உட்கார்தல், நிலைகொள்ளுதல் என்ற பொருளில் பிறந்த வினையே இதன் வேர். 'ரோடு உக்காந்துட்டு' என்று நெல்லைச் சீமையில் சொல்வதும் அதே எண்ணந்தான். அதை யாரும் மொழிபெயர்த்துக் கொடுக்கவில்லை. இந்த இறக்கத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மண் பொறியியல் அறிஞர் கார்ல் டெர்சாகி. நீர் நிறைந்த களிமண்ணின்மேல் சுமை ஏறினால், துளைகளிலுள்ள நீர் மெல்லப் பிழியப்பட்டு வெளியேறும் அளவுக்கே மண் இறுகும் என்பதை 1925இல் வெளியிட்ட ஜெர்மன் நூலில் அவர் விளக்கினார்.

தமிழில் இதற்குப் 'படிவு' என்று எழுதினால் ஆற்று வண்டல் நினைவுக்கு வரும். 'அமர்வு' மூலப்பொருளுக்கு மிக நெருக்கம். ஆனால் நம் பகுதியில் அச்சொல்லைக் கேட்டவுடன் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் கண்முன் நிற்கும். 'இறக்கம்' சாலையைப் பொறுத்தவரை மேட்டுக்கு எதிரான சொல். 'அமுங்கல்' நல்ல சொல், பேச்சிலும் உண்டு. எனினும் மேலிருந்து ஏதோ அழுத்துகிறது என்பதை அது சொல்லாமலே சொல்லிவிடுகிறது. களிமண்ணுக்கு அது பொருந்தும், குப்பைமேட்டுக்குப் போதாது.

இராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கைப் போன்ற ஓரிடத்தை மூடி, அதன்மேல் சாலை போடுவதாக வைத்துக்கொள்வோம். சாலையின் பாரத்தால் குப்பை அமுங்குவது ஒரு பகுதிதான். வாழை இலையும் காய்கறிக் கழிவும் காற்றுப்படாமல் மட்கி, மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாறி வெளியேறும்போது, மேலே ஒரு வண்டிகூட ஓடாவிட்டாலும் தரை பல்லாண்டுகள் தாழ்ந்துகொண்டே இருக்கும். உள்ளே கனன்று எரியும் தீயும் வெற்றிடங்களை விட்டுச்செல்லும். 10 மீட்டர் ஆழக் குப்பையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே 1 மீட்டர் இறங்கிவிடும். கரிசல் மண் கோடையில் சுருங்கினாலும் மழையில் மீண்டும் உப்பும். மட்கிப்போன குப்பை திரும்ப வராது. ஆகவே பாரத்தால் நேர்வதையும் பாரமின்றி நேர்வதையும் ஒருங்கே தாங்கக்கூடிய 'அமிழ்வு' என்பதே இங்கு ஏற்ற சொல் என்பது என் கருத்து.

வடிவமைப்பிலும் இந்த வேறுபாடு முக்கியம். சாலை போடுமுன் மண்ணைக் குவித்துச் சில மாதங்கள் விட்டுவைப்பதும், பல டன் எடையை உயரத்திலிருந்து திரும்பத்திரும்பப் போட்டு இடிப்பதும் பாரத்தால் வரும் அமிழ்வை முன்கூட்டியே பெருமளவு முடித்துவிடும். மட்குதலை அவை நிறுத்தா. அதை அடியோடு தவிர்க்க வேண்டுமானால் குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றவேண்டும். இயலாத இடத்தில் மண்ணுக்கு வலுவூட்டும் 'ஜியோகிரிட்' என்னும் பிளாஸ்டிக் வலையை விரித்து, சிமென்ட் கான்கிரீட்டுக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் தார்ச்சாலையைப் போட்டு, அவ்வப்போது மேல்தளத்தைச் சீர்செய்ய ஆயத்தமாயிருப்பதே வழி. பாரத்தைக் குறைக்க, சாலைக்கு அடியில் மண்ணுக்குப் பதிலாக தெர்மோகோல் போன்ற இலேசான நுரைக் கட்டிகளை அடுக்கும் முறையை நார்வே 1972இல் தொடங்கியது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் வெடிக்கக்கூடும் என்பதால், அது வெளியேறப் போக்குக்குழாய்களும் வேண்டும்.

ஓரிடத்தில் கட்டட இடிபாடும் பக்கத்தில் இளநீர்க் கூடுமாகக் கிடக்கும் குப்பையில் எல்லா இடமும் ஒரே அளவாக இறங்குவதில்லை. சாலையைப் பிளப்பது பெரும்பாலும் இந்தச் 'சீரற்ற அமிழ்வு'தான். நீர் பிழியப்பட்டு மண் கெட்டியாவதை 'இறுகல்' எனலாம். செய்தித்தாள்கள் எழுதும் 'சாலை உள்வாங்கியது' என்பது திடீரெனப் பள்ளம் விழுவதற்கு உரியது. மெல்ல நிகழும் அமிழ்வுக்கு அதை வழங்குவது பொருந்தாது.