லேப்டாப் திரையில் கீபோர்டின் கட்டங்கள் விழுவது ஏன்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். மடியில் பை, பைக்குள் லேப்டாப், அதை அழுத்திக்கொண்டு டிபன் பாக்ஸ். ஒருநாள் லேப்டாப்பைத் திறந்தேன். அணைந்திருந்த திரையில் கீபோர்டின் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. கீறல் விழுந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

கீறல் இல்லை, எண்ணெய். இத்தனைக்கும் நம் விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. வியர்வைச் சுரப்பிகள்தான் உண்டு. நெற்றியைத் துடைக்கிறோம், எண்ணெய் வைத்த தலையைக் கோதுகிறோம், அப்புறம் தட்டச்சு செய்கிறோம். அந்தப் பிசுக்கு கீபோர்டில் சேர்கிறது. மூடிய லேப்டாப்பில் திரைக்கும் கீபோர்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பை அழுந்தினால் மூடி லேசாக வளைந்து பட்டன்களைத் தொடும். பல கீபோர்டுகளில் பட்டனின் நடுப்பகுதி சற்றுக் குழிந்திருக்கும்; அதனால் ஓரங்கள் மட்டும் முத்திரை குத்தியதுபோல் பதிகின்றன.

எண்ணெயைத் துடைத்துவிடலாம். எனக்குக் கவலை தருவது தூசிதான். எங்கள் பக்கம் கிரானைட் குவாரிகளும் பாலிஷ் பட்டறைகளும் நிறைய. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 5.5. பளபளப்பில்லாத திரைகளின் மேல்பரப்போ பிளாஸ்டிக், இன்னும் மென்மையானது. தூசியோடு சேர்த்துச் சட்டை நுனியால் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட வேண்டும்.

அடுத்து மைக்ரோஃபைபர் துணி. அதன் இழைகள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகள் எண்ணெயை உறிஞ்சி உள்ளே பிடித்துக்கொள்கின்றன. பருத்தித் துணி பிசுக்கை இழுத்துப் பரப்பிவிடும்.

போகாத கறைக்குத் துணியை லேசாக நனைக்கலாம். போர் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். திரைமேல் நேரடியாகத் தெளிக்கவே கூடாது. வழியும் துளி கீழ் விளிம்பின் இடுக்கில் புகுந்தால் உள்ளே இருக்கும் மின்சுற்று கெட்டுவிடும். அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர் திரையின் பூச்சையே அரித்துவிடும்.

துடைத்தும் கட்டம் போகவில்லையா? அப்படியென்றால் பட்டன்கள் உரசிப் பூச்சு தேய்ந்திருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. அந்த நிலை வராதிருக்க, திரையைத் துடைக்கும்போதே கீபோர்டையும் துடைத்துவிடுகிறேன். டிபன் பாக்ஸ் இப்போது தனிப் பையில் வருகிறது.