அடைப்பு குழாயில் இல்லை, சுவரில்

கடலூர் முதுநகரில் உப்பனாற்றுப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சுவரின் சங்கதி தெரியும். உப்புக்காற்று சிமென்ட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உள்ளேயே பருக்கும். மேலே அடித்த வெள்ளை மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒருநாள் பொத்தென்று காரை பெயர்ந்து விழும்.

மாரடைப்பும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. "கொழுப்பு அடைச்சிருச்சு" என்றால், சாக்கடைக் குழாயில் பிசுக்கு படிவதுபோல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கொழுப்பு சேருவது ரத்தக்குழாயின் சுவருக்குள்.

இதற்கு முதல் வலுவான சான்று முயல்களிடமிருந்து வந்தது. 1913இல் ரஷ்யாவில் நிகோலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை அவற்றுக்குக் கொடுத்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவரில் கொழுப்புத் திட்டுகள் எழுந்தன. வெறும் எண்ணெய் மட்டும் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒப்பிடுவதற்கென்று அந்த முயல்களை வைத்திருந்ததுதான் ஆய்வின் அழகு.

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்கள் குழாயின் உள்வரியைத் தாண்டிச் சுவருக்குள் சிக்கிக்கொள்கின்றன, அங்கேயே கெட்டுப்போகின்றன. துப்புரவுக்கு வரும் வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்கி விழுங்கி, நுரைபோல ஊதி, உள்ளேயே செத்துக் கூழாகின்றன. மேலே நார்த்திசு ஒரு மூடி போடும். குழாய் கிளை பிரியும் இடங்களில், ரத்தம் சுழன்று தயங்கும் ஓரங்களில்தான் இது அதிகம். மூடி மெலிந்து கிழிந்தால், கூழ் தொட்ட மாத்திரத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து பாதையை அடைக்கத் தொடங்கும்.

ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஆஞ்சியோவில் தெரிவது சாயம் ஓடும் பாதை மட்டும். 1987இல் சீமோர் கிளாகோவ் குழுவினர் 136 இதயங்களின் தமனியை அறுத்து அளந்தார்கள். திட்டு வளர வளரக் குழாய் வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது. குழாயின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் திட்டு பிடித்துக்கொண்ட பிறகே ரத்தம் ஓடும் பாதை குறுகுகிறது. 'ஆஞ்சியோ நார்மல்' என்றால் சுவரும் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது இதனால்தான்.

போன மாதம் புதுச்சேரியில் சித்தப்பாவுக்குக் கழுத்து ரத்தக்குழாயை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். சில்லென்ற ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்த, திரையில் சுவர் இரண்டு மெல்லிய கோடுகளாகத் தெரிந்தது. கிளை பிரியும் இடத்தில் டாக்டர் கையை நிறுத்தினார். "ஓட்டம் நல்லா இருக்கு சார். இந்த இடத்துல மட்டும் சுவர் லேசா தடிச்சிருக்கு" என்று இரண்டு கூட்டல் குறி வைத்து அளந்தார்.

இதயத் தமனிக்குள் இன்னும் கூர்மையாகப் பார்க்க ஓசிடி என்ற படமெடுக்கும் முறை இருக்கிறது. ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி. 10 முதல் 20 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். கிழியக்கூடிய மூடியின் தடிமன் 65 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு தலைமுடி அளவு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டுவந்தவர்களுக்கு அந்த மூடி தடித்து வருவதை ஓசிடி படங்களிலேயே பார்த்திருக்கிறார்கள். சித்தப்பா இப்போது அந்த மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறார்.