கார் விபத்து இழப்பீடு: எஃப்.ஐ.ஆர். எங்கே உதவும், எங்கே சறுக்கும்

கார் மோதிக் காயம்பட்டவர் சென்னையில் இழப்பீடு கேட்டுப் போகும் இடம் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாகவும் அதுவே செயல்படுகிறது. கட்டுக் கட்டாக மருத்துவ பில் கொடுத்தாலும், இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் தேடுவது மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியையும் போலீஸின் எஃப்.ஐ.ஆரையும்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏ.ஆர். என்பது அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதும் விபத்துப் பதிவேடு. எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி மோதியது என்று டாக்டர் கேட்டு எழுதுவார். அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார்; கூட வந்த யாரோ ஒருவர் ‘பைக்கிலிருந்து விழுந்துட்டார்’ என்று சொல்லிவிடுவார். அது ‘தானே விழுந்தது’ என்று பதிவாகிவிடும். மூன்று நாள் கழித்து எஃப்.ஐ.ஆரில் கார் வந்தால், கார் பிறகு சேர்க்கப்பட்டது என்ற வாதம் கிளம்பும். எழுதியதைப் பின்னால் மாற்ற வைப்பது சுலபமல்ல. அதனால், உடன் போகிறவர் ‘கார் மோதியது’ என்பதையும், தெரிந்தால் வண்டி எண்ணையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது புகார். சென்னையில் விபத்து வழக்குகளைக் கவனிப்பது சட்டம் ஒழுங்கு காவல் நிலையம் அல்ல, அந்தப் பகுதிக்கான போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. எந்த நிலையத்தின் எல்லை என்ற தகராறு வந்தால், எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173 சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பலர் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வழக்கு பதிவாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. காயத்தை உண்டாக்கிய விபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) பிரிவு 281-உடன் (தாறுமாறாக வண்டி ஓட்டுதல்) 125(அ) அல்லது 125(ஆ) போட்டு எஃப்.ஐ.ஆர். வந்திருக்க வேண்டும். 125(அ) சாதாரணக் காயத்துக்கு; எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் அதற்கு 125(ஆ).

கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டியவை: வண்டி எண், தேதி, நேரம், இரண்டு வண்டிகளும் வந்த திசை. எண்ணில் ஒரே ஒரு இலக்கம் மாறினாலும் வேறு யாருடைய இன்சூரன்ஸ் நிறுவனத்தையோ வழக்கில் இழுப்பதில் போய் முடியும். திசை தவறினால் பழி உங்கள் பக்கம் திரும்பும். பிழை தெரிந்தால் உடனே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, கூடுதல் வாக்குமூலமாகப் பதியச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் கிடந்ததால் புகார் தாமதமானதா? அதற்காக மட்டும் வழக்கு விழாது. காரணம் நம்பும்படி இருந்தால் தாமதம் தடையல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. காரணத்தைப் புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. எஃப்.ஐ.ஆர். உங்களைக் குற்றவாளியாகக் காட்டினாலும் வழி அடைபடுவதில்லை. தீர்ப்பாயம் பார்ப்பது கிரிமினல் வழக்குக்கான சந்தேகமற்ற நிரூபணத்தை அல்ல, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதை. கண்ணால் பார்த்த சாட்சியும், சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரும், சம்பவ இட வரைபடமும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும் எஃப்.ஐ.ஆரை மீறி நிற்கக்கூடும். காரின் எந்தப் பக்கம் நசுங்கியது என்று ஆய்வாளர் எழுதும் ஒரு வரி சில நேரம் சாட்சியைவிட வலுவானது.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, போலீஸே தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. உங்கள் உரிமைகளைச் சொல்லும் படிவம் 10 நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். விரிவான அறிக்கை போய்ச் சேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 166(4)-இன்படி அதையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் இதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 166(3) சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. ஆனாலும் கெடுவுக்குள் போட்டுவிட்டவருக்கு அந்தக் கவலையே இல்லை. விபத்து செங்கல்பட்டில் நடந்து நீங்கள் சென்னையில் குடியிருந்தால் இங்கேயே மனு போடலாம்.

மோதிய கார் நிற்காமல் போய், எண்ணும் தெரியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் மனு கொடுத்தால் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதற்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும். ‘வண்டி எண் தெரியாமல் எதற்குப் புகார்’ என்று விட்டுவிடுகிறவர்கள் இழப்பது இந்தத் தொகையைத்தான்.