தடிமனாக அடித்த லாக்கர்தான் முதலில் வெடிக்கும்

கிதார் செய்யப் பழகுகிறவர்களில் பலர், மரத்தின் மேல் பளபளப்பாக நிற்கும் பூச்சான லாக்கரை இன்னும் நாலு கோட் கூடுதலாக அடித்தால் மரத்துக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர். மெல்லிய பூச்சு வருஷக்கணக்கில் தாங்கும், தடித்த பூச்சு முதல் கடுங்குளிரிலேயே வெடித்துவிடக்கூடும்.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் உலர்வதில் வேதிவினை எதுவும் இல்லை. லாக்கரைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர் ஆவியாகிப் போகும், மிச்சம் படலமாக நிற்கும், அவ்வளவுதான். தொட்டுப் பார்த்தால் சீக்கிரமே காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும், படலம் வளைந்துகொடுப்பதற்காகச் சேர்த்த பிளாஸ்டிசைசரும் காலம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். இவை போகப் போகப் படலம் சுருங்கப் பார்க்கிறது, அடியில் இருக்கும் மரமோ அதை விடுவதில்லை. அதனால் பூச்சு எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. அந்த இழுப்பில் தேங்கும் ஆற்றல் தடிமனைப் பொறுத்தது; அதே இழுப்பில் தடிமன் இரட்டித்தால், விரிசலைத் திறக்கக் கிடைக்கும் ஆற்றலும் இரட்டிக்கும். தேய்த்து மெருகேற்றி முடித்தபின் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை நின்றால் போதும்.

இதன்மேல் குளிர் வந்து சேர்கிறது. வெப்பநிலை இறங்கும்போது மரம் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்ட அசைவதே இல்லை, லாக்கரோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் சுருங்கும், போதாததற்கு நொறுங்கும் தன்மையும் கூடும். விளைவு, நாருக்குக் குறுக்கே வரிவரியாக வெடிப்பு. ஈரப்பதத்தின் கதை வேறு. ஈரம் ஏறினால் மரம் நாருக்குக் குறுக்காகத்தான் உப்பும், அப்போது பூச்சு நார் வாக்கில் பிளக்கும். ஆக, குறுக்குக் கோடுகளைப் பார்த்தால் வெப்பநிலையையும் நீளக் கோடுகளைப் பார்த்தால் ஈரப்பதத்தையும் சந்தேகப்படலாம். நீளக் கோட்டில் ஒரு வம்பு உண்டு, அங்கே மரமே பிளந்திருக்கலாம். கோட்டின் இரு பக்கத்தையும் விரலால் மாற்றி மாற்றி மெல்ல அழுத்திப் பாருங்கள், ஓரங்கள் ஏறி இறங்கினால் பூச்சு வேலை அப்புறம், முதலில் பசை வேலை.

சரி, வெடிப்பு விழுந்துவிட்டது, எப்படிச் சரிசெய்வது? அது என்ன பூச்சு என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். கண்ணில் படாத இடத்தில் லாக்கர் தின்னர் நனைத்த பஞ்சால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் நைட்ரோ. ஆல்கஹாலுக்கே நன்றாகக் கரைந்தால் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. எதற்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர்.

நைட்ரோவை மறுபடி இளக்க முடியும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை ஈரம் நிற்கும்படி ஸ்பிரே செய்தால் பழைய படலம் இளகி, பிளந்த ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்கு முன் நாப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானால் மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தாக வேண்டும். சிலிக்கோன் உள்ள பாலிஷை யாராவது போட்டிருந்தால் லாக்கர் குழிகுழியாக விலகி நிற்கும், அது பெரிய தலைவலி. அழுக்கு ஏறிய கோடு இளகினாலும் கோடாகவே தெரியும். போன பிளாஸ்டிசைசரும் திரும்பி வராது, எனவே அதே இடத்தில் மீண்டும் வெடிக்க வாய்ப்புண்டு. என்னைக் கேட்டால், பழைய கிதாரில் மயிரிழை வெடிப்புகளை விட்டுவிடுவதே நல்லது. ஓசை அதனால் கெடுவதில்லை.

பாலியூரித்தேனிலும் பாலியஸ்டரிலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடுவதால் தின்னர் எதுவும் செய்யாது. அங்கே சூப்பர் குளூதான். நீர்த்த பசை முதலில், அது தானாகவே விரிசலுக்குள் இறங்கும். அப்புறம் கெட்டிப் பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்து மேடாக்க வேண்டும். இறுகியதும் ரேசர் பிளேடின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, நடுப்பகுதியால் மட்டும் மேட்டைச் சுரண்டி, 800ஆம் எண்ணில் தொடங்கி 2000ஆம் எண் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்தால் கோடு பெரும்பாலும் மறைந்துவிடும். பூச்சு மரத்தை விட்டுக் கிளம்பி வெளுத்திருக்கும் இடத்திலும் இதே பசை வேலை செய்யும். அந்த வெண்மை இடையில் புகுந்த காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வருவது, காற்றின் இடத்தைப் பசை பிடித்துக்கொண்டால் நிறம் திரும்பிவிடும். (ஜன்னலைத் திறந்து வையுங்கள், பசையின் ஆவி கண்ணைக் கரிக்கும். லாக்கர் அடிக்கும்போது கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடி வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது.)

தடுக்கும் வேலை பெரும்பாலும் பூச்சுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மரம் 45 முதல் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் நன்கு பழகியிருக்க வேண்டும். மரத்தின் துளைகளை அடைக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சான சாண்டிங் சீலரைத் தடிப்பாக விட்டுவைத்து அதன்மேல் லாக்கர் அடித்தால், மெத்தென்ற அடித்தளத்தின் மேல் விறைப்பான படலம் உட்கார்ந்த கதையாகும், அது வெடிக்கத்தான் செய்யும். சீலரைத் தேய்த்து மெல்லியதாக்கிய பிறகே மேற்பூச்சு.

கழுத்தைத் திருகால் பூட்டும் கிதார்களில் இன்னொன்று. பூச்சு காய்ந்தபின் ஓட்டைகளின் வாயைச் சரிவாகச் சீவிவிடுங்கள். இல்லையென்றால் திருகு முறுக்கும்போது மரத்தின் விளிம்பு மேலெழும்பிப் பூச்சை உடைக்கும், நட்சத்திரம் மாதிரி வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். உடலில் இருக்கும் ஓட்டை திருகு இறுக்கமில்லாமல் நுழையும் அளவுக்கு இருக்கட்டும், மரை கழுத்து மரத்தில் மட்டும் பிடித்தால் போதும்.