ஹோலோபுரோசென்செஃபலி: 'முழு' அல்ல, 'பகா'

கருவில் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் நின்றுவிடும் பிறவிக்குறையே ஹோலோபுரோசென்செஃபலி. சேலத்து உடற்கூறியல் மாணவர்கள் 'ஹோலோ' என்று சுருக்கிச் சொல்லும் இச்சொல்லில் மூன்று கிரேக்கச் சொற்கள் உள்ளன: ஹோலோஸ் என்பது முழுமை, புரோஸ் என்பது முன்புறம், என்கெஃபலோஸ் என்பது தலைக்குள் இருப்பது, அதாவது மூளை. 1882இல் ஆஸ்திரிய நோய்க்கூறியலாளர் ஹான்ஸ் குண்ட்ராட் இத்தகைய மூளைகளில் மணம் உணரும் நுகர்வுக்குமிழ் இல்லாததைக் கண்டு 'நுகர்மூளை இன்மை' எனப் பொருள்படும் பெயரிட்டார். குறையின் வேர் முன்மூளை பிரியாமையில் இருப்பதால் டிமையர், ஸீமன் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் 1963இல் இன்றைய பெயரை முன்வைத்தனர்.

கருவின் ஐந்தாம், ஆறாம் வாரங்களில் முன்மூளை இடம் வலமாகப் பிரிய வேண்டும். பிரியாத மூளையைக் காட்சியகத்து ஃபார்மலின் ஜாடியில் பார்த்தால், இரு அரைக்கோளங்களுக்கு நடுவே கத்திமுனை இறங்கும் நெடும்பள்ளம் இருக்காது. மடிப்புகள் இப்புறமிருந்து அப்புறத்துக்குத் தடையின்றி ஓடும். உள்ளே இரு பக்க அறைகளுக்குப் பதிலாக ஒரே அறைதான். அதே காலத்தில் உருவாகும் நடுமுகமும் பெரும்பாலும் மூளையின் நிலையைக் காட்டிவிடும்: கண்கள் நெருங்கியிருக்கும், மூக்கு ஒற்றைத் துளையோடு இருக்கும், மிக லேசான வடிவில் மேல்வரிசை நடுவே ஒற்றை வெட்டுப்பல் மட்டும் முளைக்கும்.

இதை 'முழு முன்மூளை' என்று பெயர்ப்பது பிழை. ஏற்காட்டிலிருந்து மகளை ஸ்கேனுக்கு அழைத்து வந்த ஒரு தாயிடம் ஓர் இளம் மருத்துவர் அப்படியே சொல்ல, "முழுசா இருக்குதுங்களா? அப்பப் பயமில்லைங்க" என்று அவர் முகம் மலர்ந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். 'பிளவுறா முன்மூளை' என்பதும் பொருந்தாது; இக்குழந்தைகள் பலருக்கு உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருப்பதால், கேட்பவர் குழம்புவார்.

நம் இலக்கணத்தில் பகாப்பதம் உண்டு, பள்ளிக் கணக்கில் பகா எண் உண்டு. பிரியாத என்னும் பொருளை ஐயமின்றித் தரும் 'பகா முன்மூளை' என்பதே சரியான சொல் என்பது என் துணிபு. பிரிவே நிகழாதது முழுப்பகா நிலை, பின்பகுதி மட்டும் பிரிந்தது அரைப்பகா நிலை எனக் கிளைச்சொற்களும் எளிதில் அமையும். இக்குறையின் மிகக் கடுமையான வடிவில் முகத்தின் நடுவே ஒரே கண் அமைவதைக் குறிக்கும், கிரேக்கக் கதை அரக்கனின் பெயர் தாங்கிய சைக்ளோபியாவையும் 'ஒற்றைவிழி' என்றே எழுதலாம். பெற்றவள் காதில் அரக்கன் பெயர் விழ வேண்டியதில்லை.