ஸ்ஃபின்ச்சி பொரிக்க எண்ணெய் புகையத் தேவையில்லை

சூசையப்பர் திருநாளுக்கு முந்தின இரவு இந்த வருடமும் எங்கள் சனத்தில் ஒரு தங்கச்சி ஆஸ்பத்திரியில். முழங்கையிலிருந்து விரல் வரை கொப்புளம். அந்தத் திருநாளுக்கு இத்தாலியின் சிசிலித் தீவில் செய்கிற பொரித்த பலகாரம்தான் ஸ்ஃபின்ச்சி. அதை வீட்டில் பொரித்திருக்கிறார். ஒன்று தாச்சிக்குள் வெடித்து, கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்துவிட்டது. பலெர்மோவில் ஒரு பலகாரக் கடையின் குசினியில் பொரிப்பதுதான் என் வேலை. மார்ச் 19 நெருங்கினால் இப்படியொரு செய்தி வராமல் இருப்பதில்லை. கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துத்தான் எழுதுகிறேன்.

"எண்ணெய் காய்ந்தது எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டேன். "புகை வந்தது அக்கா" என்றார். எல்லோரும் சொல்கிற பதில் இதுதான்.

புகை வந்தால்தான் எண்ணெய் பதம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். இத்தாலிய வீடுகளில் பொரிக்கப் பலர் வாங்குவது கச்சான் எண்ணெய். சுத்திகரித்த புது எண்ணெய் புகைய ஏறக்குறைய 230 பாகை வேண்டும். ஸ்ஃபின்ச்சிக்கு வேண்டியதோ 170. நீங்கள் புகைக்காகக் காத்து நிற்கும்போது அறுபது பாகை தாண்டிப் போய்விடுகிறீர்கள். அதே எண்ணெயில் முன்பே இரண்டு தடவை பொரித்திருந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே புகையும். பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பில் பொரிப்பவர்களுக்கு அது 190 அளவிலேயே புகைந்துவிடும். ஒலிவ் எண்ணெய் போத்தலுக்குப் போத்தல் மாறும். எண்ணெய்க்கு எண்ணெய் மாறுகிற ஒன்றை வைத்துப் பதம் பார்க்கலாமா? எண்ணெய் கெடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் அந்தப் புகை. அதற்குப் பிறகும் அடுப்பில் விட்டால், நெருப்பு படாமலே தானாகப் பற்றிக்கொள்ளும்.

"வடைக்கு அப்படித்தானே சுடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். உளுந்து வடையின் நடுவில் ஓட்டை உண்டு, நீராவி போய்விடும். ஸ்ஃபின்ச்சி மாவு வேறு சாதி. தண்ணீரும் கொழுப்பும் கொதிக்கும்போது கோதுமை மாவைக் கொட்டிக் கிளறி, சட்டியில் ஒட்டாமல் திரண்டதும் இறக்கி, ஆறிய பிறகு முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்க்கிற மா அது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி ஊதித்தான் பெரிதாக வேண்டும். எண்ணெய் அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் வெளித்தோல் உடனே இறுகிவிடும், ஆவிக்கு வழியில்லை, வெடிக்கிறது. இதே திருநாளுக்கு நேப்பிள்ஸ்காரர்கள் செய்கிற பொரித்த செப்பொலே என்ற பலகாரமும் இதே மாதான், அதற்கும் இதே கதை.

160 பாகையில் மாவை விட்டு, 170 வரை மெல்ல ஏற விடுங்கள். ஊதும்போது அது தானாகப் புரளும். எங்கள் குசினியில் அந்த நேரம் கரண்டியால் மேலே மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்போம். தோல் மெல்லப் பிளந்து விரியும், உள்ளேயும் வேகும். ஏழெட்டு நிமிடமாவது பிடிக்கும். அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டாதீர்கள். பயந்து 150க்குக் கீழே இறக்கவும் வேண்டாம், எண்ணெய் குடித்துவிடும். மேலே எவ்வளவு நல்ல ஆட்டுப்பால் ரிக்கொத்தா (மென்மையான பாற்கட்டி) பூசினாலும் அந்த எண்ணெய் வாடை போகாது.

எண்ணெயில் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்குங்கள். திருநாளுக்குப் பிஸ்தாவும் தோடம்பழத் தோல் இனிப்பும் வாங்குகிற காசில் அதுவும் அடங்கும். கிடைக்கும் வரை, துளி மாவைப் போட்டுப் பாருங்கள்: மெல்லக் கீழே போய், சிறு குமிழோடு மேலே வந்தால் சரி. விழுந்தவுடன் கறுத்தால் அடுப்பை அணையுங்கள்.

ஆழமான பாத்திரம், எண்ணெய் பாதிக்குக் கீழே. கைப்பிடி உள்பக்கம். ஒரே நேரத்தில் மூன்று நான்குக்கு மேல் போடாதீர்கள். மாவை உங்கள் பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம் சரிய விடுங்கள். ஈரக்கரண்டி வேண்டாம். நைலோன் நைட்டியோடு அடுப்படியில் நிற்கவே வேண்டாம். பொம்பொலோனி (உள்ளே கிறீம் வைக்கிற டோநட்) செய்பவர்கள், பொங்கிய மாவைக் கையால் தூக்கி எறியாமல், கீழே உள்ள பேக்கிங் தாளோடே எண்ணெயில் இறக்குங்கள். தாள் தானாகக் கழன்றுவிடும். கிறீமைப் பொரித்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். முன்பே வைத்து, அது கசிந்து எண்ணெய் சீறியதையும் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, மூடியபடியே விடுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடாதீர்கள். அடங்காவிட்டால் எல்லோரும் வெளியே வந்து அவசர எண் 112ஐ அழையுங்கள்.

கை சுட்டால் மோதிரம், வளையல் கழற்றி, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், மஞ்சள் வேண்டாம். அந்தத் தங்கச்சி பற்பசை பூசிக்கொண்டு போயிருந்தார். முதலில் அதைக் கழுவி எடுக்கவே தாதிமார் பட்ட பாடு! கொப்புளம் எழுந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பொரித்து முடித்து அடுப்பை அணைத்த பிறகும் அந்தத் தாச்சி வெகுநேரம் கொதி சூடாகவே இருக்கும். பிள்ளைகள் சீனி தூவ ஓடி வருவது அந்த நேரத்தில்தான். தட்டை வேறு அறைக்குக் கொண்டுபோய் அங்கே தூவக் கொடுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.